கடற்கரை மணலில் ஒரு கீரைப்பாத்தி

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், மணப்பாட்டைக் கடந்து உவரியை அடைவதற்கு முன் வரும் ஊர்களுள் ஒன்றில் நான் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். ஊரின் ஒருபுறம் கடல். மறுபுறம் தேரி என வழங்கும் செம்மணற் காடு. இரண்டிற்கும் இடையே வெண்மணலின்மீது வீடுகள். பனையும் உடையும் முருங்கையும் அங்கு எளிதில் வளரும். மற்ற எதையும் வளர்த்தல் அரிது. ஆடி மாதத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று எங்கள் பக்கமும் வீசத் தொடங்கினால், வாசலைப் பெருக்கி முடித்த பெண் துடைப்பத்தைக் கீழே வைப்பதற்குள் வாசல் மீண்டும் மணலாகிவிடும்.

அந்த மணலில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஈரத்தின் சுவடு மட்டுமே இருக்கும். எருவும் அப்படியே. சென்ற தையில் இட்ட எருவை இந்தத் தையில் தோண்டித் தேடினால் அதன் கருநிறம்கூடக் கிடைக்காது. வெயிலின் சூட்டில் பாதி எரிந்துபோகும். மீதி நீரோடு சேர்ந்து மணலின் இடுக்குகள் வழியே கீழிறங்கிவிடும். ஆகவே, கடலோரத்தில் மீனுக்குக் குறைவில்லாத எங்கள் மக்கள், ஒரு பிடி கீரைக்குத் திசையன்விளையிலிருந்து வண்டி வரும் நாளை எதிர்பார்த்திருந்தார்கள்.

2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நகரில் மண்புழு உரம் தயாரிப்பது பற்றி ஒருநாள் பயிற்சி நடைபெற்றது. நானும் சென்றிருந்தேன். சமையற்கழிவையும் சாணத்தையும் புழுக்கள் உண்டு, தேயிலைத் தூளைப்போல் கருத்த உரமாக வெளியிடுவதைக் கண்டபோது, எங்கள் ஊர் மணலுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன். நண்பகலில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. மாலையில் ஓர் அடக்கம். உணவை முடித்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். பிற்பகல் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டு அறிந்துகொள்ள முயலவுமில்லை.

அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் அறிவிப்புகளின்போது இதைப் பற்றி மிகுந்த ஆர்வத்துடன் பேசினேன். பதினான்கு குடும்பங்கள் முன்வந்தன. குடும்பத்திற்கு 600 ரூபாய். கிணற்று உறைகளும் புழுக்களும் வந்து இறங்கின. வீட்டுக்கு ஓர் உறை, ஒரு கிலோ புழு. சித்திரை பிறப்பதற்குள் பதினான்கு உறைகளிலும் ஒரு புழுகூட உயிருடன் இல்லை.

அந்தப் பதினான்கு குடும்பங்களுள் ஒன்று, வலை முடைந்து பிழைக்கும் ஒரு கைம்பெண்ணுடையது. அவருக்கு 600 ரூபாய் என்பது எத்தனை நாள் கூலி என்பதை நான் அறிவேன். அவர் என்னிடம் வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உறையிலிருந்ததை முருங்கையின் அடியில் கொட்டிவிட்டு, உறையின்மேல் ஒரு பலகையைப் போட்டு, வாசலில் இருக்கையாக்கி, அதன்மீது அமர்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அந்த வீட்டைக் கடந்துதான் நான் செல்ல வேண்டும். மாலையில் "தோத்திரம் சாமி" என்று அவர் எழுந்து நிற்பார். அந்த உறை என் கண்ணில் படும். மறுசுற்று வழியொன்றைக்கூட நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

என்னுடன் குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவரின் தமக்கையார் குமரி மாவட்டத்தில் குலசேகரத்தின் அருகே வசிக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகளாக மண்புழு வளர்ப்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மக்கள் மீண்டும் கடலுக்குச் சென்ற ஜூன் மாத வாரத்தில், இரண்டு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு அவரிடம் புறப்பட்டேன். இறந்த தொட்டி ஒன்றிலிருந்து எடுத்த கட்டியை ஒரு பையில் கட்டி, கைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த வழிப்பயணம் இரண்டு மண்களுக்கிடையேயான பயணம். உவரியைக் கடந்து கூடங்குளம் வரையில் இருபுறமும் உடைமரமும் வறண்ட வெளியும் காற்றாலைகளுமே. அஞ்சுகிராமத்தைத் தாண்டியதும் காட்சி மாறத் தொடங்குகிறது. சுசீந்திரத்தில் வயலும் தென்னையும் வந்துவிடுகின்றன. நாகர்கோவிலில் பேருந்து மாறித் தக்கலை வழியாக மேற்கே செல்லச் செல்ல, வானம் தாழ்ந்து தூறல் விழுந்தது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் அது. நாங்களோ ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள். குலசேகரத்தில் இறங்கியபோது ரப்பர் தோட்டங்களின் இருளும் ஈரமண்ணின் மணமும் என்னைச் சூழ்ந்துகொண்டன. நான் புறப்பட்ட ஊரில் அந்த நேரத்தில் காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்திருக்கும்.

அக்காவின் வீட்டைச் சுற்றியிருந்தது அரை ஏக்கருக்கும் குறைவான இடந்தான். அதற்குள் தென்னை, கமுகு, கமுகின்மேல் ஏறிய நல்லமிளகுக் கொடி, வாழை, மரச்சீனி, சேனை, வேலியோரம் ஓர் அயினி, அடுக்களைக்குப் பின்புறம் பெரியதொரு சக்கை மரம். அந்தச் சக்கை மரத்தின் நிழலில், ஓலைக் கூரையின்கீழ் மண்புழுத் தொட்டி இருந்தது. "ஃபாதர், முதலில் காப்பி, பிறகு புழு" என்றார். எனக்கோ பொறுமையில்லை. பையைப் பிரித்துக் கட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காய்ந்த பக்கத்தில் மாவு தூவினாற்போல் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சணம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

"உப்புப் பூத்திருக்கிறதே, ஃபாதர். என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?"

கிணற்று நீர் என்றேன். எங்கள் ஊர்க் கிணறுகளின் நீர் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் ஆகும். வாயில் வைக்க முடியாது. போதாக்குறைக்கு, மீன் கழுவிய நீரையும் சிலர் "சத்து" என்று கருதித் தொட்டியில் ஊற்றியிருந்தார்கள். குடிப்பதற்குத் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வரும் நீரை நம்பியிருக்கிறோம். அது முறைவைத்துத்தான் வரும். அதை யார் புழுவுக்கு ஊற்றுவார்கள்?

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தன் தோலின் வழியாகவே அது மூச்சுவிடுகிறது. தோல் உலர்ந்தால் மூச்சில்லை. உப்பு ஏறிய ஈரத்திலோ, உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டு அது சுருங்கி மடிகிறது. கருவாடு போடும் ஊரில் வாழும் எனக்கு உப்பு என்ன செய்யும் என்பது தெரியாமற் போயிற்றே என்று எண்ணி வெட்கினேன். நான் கேளாமற் போன பிற்பகல் வகுப்பில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும்.

உப்பு மட்டுமே காரணமன்று என்பது அன்று மாலை பேச்சில் தெளிவாயிற்று. நாங்கள் அன்றன்று போட்ட பச்சைச் சாணத்தைத் தொட்டியில் நிரப்பியிருந்தோம். மட்கத் தொடங்கும் சாணம் உள்ளே கொதிக்கும். கையை விட்டால் சுடும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே இப்புழுக்கள் தவிக்கத் தொடங்கும். சாணத்தை நிழலில் குவித்து, நீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் கிளறிக் கிளறி ஆறவிட்ட பின்பே புழுவுக்குக் கொடுக்க வேண்டும். மேலும், எங்கள் உறைகள் நின்றது திறந்த வெயிலில்.

இரவு உணவுக்குப்பின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியருகே சென்றோம். அக்கா நனைந்த சாக்கை விலக்கினார். வெளிச்சம் பட்டதும் மேற்பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் நெளிந்து கீழே மறைந்தது. பலவகைப் புழுக்கள் அங்கே கலந்திருந்தன. செந்நிறத்தில் மெலிந்தது ஐசீனியா ஃபெட்டிடா. தடித்து நீண்டு, கருஞ்சிவப்பில் மின்னியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே. தொட்டால் துள்ளித் தெறிப்பது நம் நாட்டுப் பெரியோனிக்ஸ். புழுக்களுக்கிடையே எலுமிச்சை வடிவில், கடுகைவிடச் சற்றே பெரிய முட்டைக்கூடுகள் கிடந்தன. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் சுமார் மூன்று வாரத்தில் வெளிவருமாம். "புழுவை விலைக்கு வாங்குவது ஒருமுறைதான், இடம் சரியாக இருந்தால் அது தானே பெருகும், இடம் சரியில்லையென்றால் எத்தனை கிலோ வாங்கினாலும் பயனில்லை" என்றார்.

டார்வின் என்ற பெயரைக் குருமடத்தில் வேறொரு பாடத்தின்போதுதான் கேட்டிருந்தேன். அந்த அறிஞர் தம் இறுதிக் காலத்தில், 1881-இல், வெளியிட்ட கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது. புழுக்களுக்குக் காது கேட்குமா என அறிய, அவை வாழும் மண்சட்டிகளைப் பியானோவின்மேல் வைத்து வாசிக்கச் செய்து பார்த்தாராம். ஓசை அவற்றுக்குக் கேட்கவில்லை. ஆனால் பெட்டியின் அதிர்வை உணர்ந்து உடனே வளைக்குள் ஒளிந்தன. அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதனால்தான் மாவரைக்கும் கிரைண்டரை இந்தச் சுவரோரம் வைக்கவில்லை" என்றார். உண்மையாகச் சொன்னாரா, என்னைக் கேலி செய்தாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலை அவர் காட்டிய ஒன்று என் எண்ணத்தையே திருத்தியது. தென்னை மூட்டில், சருகை விலக்கியதும், சிறு சிறு உருண்டைகளாக மண் குவிந்திருந்தது. அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வேறொரு புழுவின் எச்சம். குப்பையில் வாழும் புழு வேறு, மண்ணில் வாழும் புழு வேறு. தொட்டியில் வளர்வது முதல் வகை. அதைத் தோட்டத்து மண்ணில் விட்டால் நெடுநாள் நிற்காது. மண்ணில் வாழ்வனவற்றுள் நம் ஊர்களில் பரவலாகக் காணப்படுவது லாம்பிட்டோ மாரிட்டி என்பது. சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் நம் நாட்டுப் புழுக்களைக்கொண்டே உரம் தயாரிக்கலாம் என நெடுங்காலமாக எடுத்துச் சொல்லி வருபவர். எங்கள் பங்கில் சிலர், மீதிப் புழுக்களை முருங்கையின் அடியில் விட்டால் மண் தானே வளமாகும் என்று எண்ணினார்கள். அப்படிச் சொன்னதும் நானேதான். மட்கும் பொருள் இல்லாத, கடும் வெயிலில் காயும் மணலில் எந்தப் புழுவும் தங்காது. மணலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியது உரமும், அதை மூடிக் காக்கும் சருகுமே.

திரும்பும்போது பழைய எருவோடு சேர்த்து ஒரு கிலோவளவு புழுவை நனைத்த கோணிப்பையில் கட்டிக் கொடுத்தார். வெயிலுக்கு அஞ்சி மாலைப் பேருந்தில் ஏறினேன். நாகர்கோவிலில் நடத்துனர் "உள்ளே என்ன?" என்று கேட்டார். அங்கியணிந்த நான் "மண்புழு" என்றதும், மேலும் ஒன்றும் கேளாமல் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஞாயிறன்று அதே இடத்தில் நின்று, பயிற்சியில் பாதி நாள் மட்டுமே இருந்ததையும், அறியாமல் சொன்னதால் அவர்களுடைய பணம் வீணானதையும் சொன்னேன். கோவில் சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் நன்றியுடையவன். 600 ரூபாயைத் திருப்பித் தர முன்வந்தபோது நான்கு குடும்பங்கள் பெற்றுக்கொண்டன. வலை முடையும் அம்மா வாங்கவில்லை. "பணம் கிடக்கட்டும் சாமி. புழு கொண்டு வந்திருக்கீகளாமே, அதுல கொஞ்சம் தாங்க" என்றார்.

இம்முறை இரண்டு வீடுகளில் மட்டும் தொடங்கினோம்; ஒன்று என் இல்லம், மற்றொன்று அவருடையது. தொட்டிக்கு எதை வைப்பது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அவரே. ஓரம் உடைந்து கரையில் எறியப்பட்டிருந்த மீன் ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்து வந்தார். பனிக்கட்டி உருகாமல் காக்கும் அந்தத் தடித்த சுவர் வெயிலையும் உள்ளே விடாது. உருகிய நீர் வடிய அடியில் துளையும் ஏற்கெனவே உண்டு. சுவரில் மேலும் சில துளைகள் இட்டோம். ஊறிய உப்புப் போகும்வரை குழாய் நீரில் மூன்று முறை கழுவிக் காய வைத்தோம். பெட்டியை நான்கு செங்கற்களின்மேல் ஏற்றி, ஒவ்வொரு செங்கல்லையும் நீர் நிரம்பிய பெரிய டப்பாவுக்குள் நிறுத்தினோம். எறும்பு அணுகாமலிருக்க அதுவே வழி. மணலில் வாய்க்கால் வெட்டினால் நீர் நிற்காது. அடியில் தென்னை மட்டைத் துண்டு, அதன்மேல் ஆறிய சாணமும் நறுக்கிய வாழைச்சருகும், பிறகு புழு, மேலே நனைந்த சாக்கு. வாசலில் இருந்த உறை வாசலிலேயே இருந்தது.

தண்ணீர்தான் பெரிய வழக்காயிற்று. குடிநீரைப் புழுவுக்கு ஊற்றுகிறார் என்று அவருடைய மருமகளே முகம் சுளித்தாராம். இறுதியில் அரிசியும் காய்கறியும் களைந்த முதல் நீரை, உப்புச் சேருமுன், தனியே எடுத்துவைப்பது என்று முடிவாயிற்று. அதுவரை அந்நீர் ஆட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆட்டின் பங்கில் பாதி புழுவுக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு மட்டும் விழும் அளவே ஈரம் வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு ஒரு செம்பு போதுமானதாக இருந்தது.

என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்பதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கருவாட்டுக்கு உப்பு எப்படியோ, புழுவுக்கும் அப்படி" என்றேன், அவ்வளவுதான். மீன் கழிவு, ஊறுகாய், குழம்பின் மிச்சம், எண்ணெய், எலுமிச்சைத் தோல், மிளகாய் ஆகியவை விலக்கு. காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, பொடித்த முட்டையோடு, பீடத்திலிருந்து எடுத்த வாடிய பூக்கள் ஆகியவை ஏற்பு. ஒரே நாளில் குவித்துவிடாமல், முன்பு இட்டது கருத்தபின் அடுத்ததை இட வேண்டும். அவசரப்பட்டு நான் ஒருமுறை மிகுதியாகப் போட்டு, பெட்டி புளித்து நாறி, புழுக்கள் மூடியின்மேல் ஏறி நின்றன. இரண்டு நாள் சாக்கை விலக்கிக் காற்றாடவிட்டு, காய்ந்த சருகைக் கலந்து சரிசெய்தேன்.

இரண்டு மாதத்தில் உரம் ஆயிற்று. நீர் தெளிப்பதை நான்கு நாள் நிறுத்தி, மேலாக உள்ளதைப் பனையோலைப் பாயில் கூம்பாகக் குவித்தால், புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி அடியில் சென்று திரளும். மேலிருந்து வழித்து எடுக்கலாம். கிடைத்தது நான்கு கிலோ. ஆம், நான்கே கிலோ. ஒரு சிறு குடும்பத்தின் சமையற்கழிவிலிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. தோட்டம் முழுவதும் தூவினால் மணல் ஒரே கோடையில் விழுங்கிவிடும். எனவே தூவவில்லை. முழங்கை ஆழத்தில் குழி தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கி, மணலோடு உரத்தைக் கலந்து நிரப்பி, மேலே மூன்று விரற்கடைக்குச் சருகு மூடினோம். மட்டை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு முன் கத்தரியும் வெண்டையும் ஊன்றினோம். ஒரு கட்டில் அளவுக்குக் கீரைப்பாத்தி ஒன்றும் அமைத்தோம். தண்டுக்கீரை முளைத்தது. கார்த்திகையில் முதற் பறிப்பு. மறுநாள் காலை அந்த அம்மா பறித்ததில் ஒரு பிடியை என் இல்லத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். என் பாத்தியில் அப்போது முளையே விட்டிருந்தது.

அடுத்த ஆண்டில் மேலும் மூன்று குடும்பங்கள் ஐஸ் பெட்டிக்கு மாறின. பதினான்கில் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

2023 டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கிய மழையைத் தென் மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் ஊர் அத்துணை துன்புறவில்லை. எனினும் தாழ்ந்த தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. அந்தத் தெருவில்தான் அவர் வீடு. பிள்ளைகளையும் முதியோரையும் பள்ளிக் கட்டடத்தில் தங்க வைத்தோம். இரண்டாம் நாள் மழை விட்டதும், அவர் தம் வீட்டுப் பின்புறம் சென்று பார்த்துவிட்டு ஓடிவந்தார். பெட்டியைக் காணவில்லை.

ஐஸ் பெட்டி என்பது மிதக்கும் பொருள் என்பதை நாங்கள் இருவருமே நினைத்துப் பார்த்திருக்கவில்லை. தெருவழியே தேடிக்கொண்டு சென்றோம். கல்லறைத் தோட்டத்துச் சுவரின் மூலையில், பனைமட்டைகளுக்கும் அறுந்த வலைக்கும் நடுவில் அது சாய்ந்து நின்றது. மூடி கயிற்றுக் கட்டோடு அப்படியே இருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்துச் சாக்கை விலக்கினார். அடிப்பகுதி சேறாகிவிட்டிருந்தது, மேலே, உயர்ந்து நின்ற மூலையில், கைக்கொள்ளாத அளவுக்கு ஒரே திரளாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. விரலால் தொட்டதும் நெளிந்தன.

"செங்கல் இருக்கு சாமி. டப்பா நாலையும் தண்ணி கொண்டு போயிட்டு. ஒங்க கிட்ட நாலு டப்பா கெடக்குமா?" என்று கேட்டார்.